துணி ரோல் முதல் ஏற்றுமதிப் பெட்டி வரை: பின்னலாடைத் தொழிற்சாலையில் பார்கோடு கண்காணிப்பை நிறுவுவது எப்படி?

திருப்பூரில் ஒரு டி-சர்ட் பெட்டிக்குள் போய்ச் சேருவதற்கு முன் அதன் துணி நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், பிரிண்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று பல கைகள் மாறுகிறது. இவற்றில் பாதி வேலைகள் வெவ்வேறு கூரைகளின் கீழ் நடக்கின்றன. ஒவ்வொரு முறை கைமாறும்போதும் ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு டிசியும் (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) சூப்பர்வைசரின் ஞாபகசக்தியும்தான் அந்தத் துணியின் அடையாளத்தைச் சுமக்கின்றன. சரக்கு போய் இரண்டு மாதம் கழித்து, பனியனின் உடலும் கையும் இரு வேறு ஷேடாக (நிறச் சாயலாக) இருப்பதாக வாங்கியவர் படம் எடுத்து அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் துணி எந்த டையிங் லாட்டில் (ஒரே தடவையில் சாயம் போட்ட தொகுதியில்) வந்தது, அதே லாட்டிலிருந்து இன்னும் எத்தனை பெட்டிகள் போயிருக்கின்றன என்று தேடினால், மூன்று நோட்டுகளில் மூன்று விதமான பதில்கள் இருக்கும்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகவே பார்கோடு முறையை நிறுவுகிறோம். எதற்கு எண் கொடுப்பது, எந்த இடத்தில் ஸ்கேன் செய்வது என்ற இரண்டையும் தீர்மானிக்காமல் பிரிண்டரும் ஸ்கேனரும் வாங்கியவர்களிடம் கடைசியில் மிஞ்சுவது ஸ்டிக்கர் ஒட்டிய குழப்பம்தான். ஆகவே இந்த வழிகாட்டியில் இயந்திரங்களைப் பற்றிய பகுதி பின்னால்தான் வருகிறது.

முதலில் நடந்து பாருங்கள்

ஒரு முழு வேலைநாளை ஒதுக்கி, டையிங்கிலிருந்து வந்து இறங்கும் ஒரு ரோலின் பின்னாலேயே நடந்து செல்லுங்கள். பொருளின் பொறுப்பு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாறும் இடங்களை மட்டும் ஒரு தாளில் குறியுங்கள். நடுத்தரத் தொழிற்சாலை ஒன்றில் பெரும்பாலும் எட்டு இடங்கள் தேறும்: துணி குடோனில் வரவு, கட்டிங்குக்கு வழங்கல், பண்டல் கட்டுதல், பிரிண்டிங்குக்கு வெளியே அனுப்புதல், அங்கிருந்து திரும்பப் பெறுதல், தையல் லைனுக்குள் நுழைதல், செக்கிங் முடிந்து வெளியேறுதல், பெட்டியில் அடைத்து லாரியில் ஏற்றுதல். தொடக்கத்தில் இந்த எட்டு இடங்களே போதும். ஓவர்லாக், பிளாட்லாக் என்று ஒவ்வொரு தையல் வேலைக்கும் தனி ஸ்கேன் வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ஆனால், பீஸ் ரேட்டில் தைப்பவர் ஒவ்வொரு பண்டலுக்கும் கையை நிறுத்தி ஸ்கேன் செய்ய வேண்டுமானால் அவருக்குக் கூலி குறையும். கூலி குறைகிற இடத்தில் எந்த முறையும் நிலைக்காது. எட்டு இடங்களும் ஆறு மாதம் சரியாக ஓடிய பிறகு அதைப் பற்றி யோசிக்கலாம்.

எது ஓர் அலகு?

துணி குடோனில் அலகு என்பது ரோல். ஒவ்வொரு ரோலும் அதன் டையிங் லாட், ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை), அகலம், எடை ஆகிய விவரங்களுடன் தனி எண் பெற வேண்டும். லாட்டுக்கு ஓர் எண் போதும் என்று விட்டுவிட்டால், ஒரு லாட்டில் வந்த 22 ரோல்களில் எது கட்டிங்குக்குப் போனது, எது இன்னும் ரேக்கில் இருக்கிறது என்பது தெரியாமல் போய்விடும்.

கட்டிங்குக்குப் பிறகு அலகு என்பது பண்டல். இந்த இடத்தில்தான் மொத்த முறையும் வெல்வதும் தோற்பதும் தீர்மானமாகிறது என்பது என் கருத்து. அதனால் ஒரு கணக்கைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். நான்கு ரோல்களிலிருந்து ரோலுக்கு 20 அடுக்கு வீதம் 80 அடுக்குக்கு லே போட்டிருக்கிறார்கள், அதாவது வெட்டுவதற்காகத் துணியை அடுக்கி விரித்திருக்கிறார்கள். மார்க்கரில் (வெட்ட வேண்டிய வடிவங்களை வரைந்த தாளில்) எஸ் ஒன்று, எம் இரண்டு, எல் இரண்டு, எக்ஸ்எல் ஒன்று என்று ஆறு பீஸ்கள் இருக்கின்றன. மொத்தம் 480 பீஸ். ஒரு ரோலிலிருந்து வந்த ஓர் அளவின் 20 பீஸ்களை ஒரு பண்டலாகக் கட்டினால், ரோலுக்கு ஆறு வீதம் 24 பண்டல்கள் வரும். ஒரு பண்டலுக்குள் ஒரே அளவு, ஒரே ரோல் என்பதை மீற முடியாத விதியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

நடைமுறையில் ரோல்கள் இவ்வளவு ஒழுங்காக முடிவதில்லை. ஒரு ரோல் 17 அடுக்கிலேயே தீர்ந்துபோகும். அப்போது கட்டிங் மேஜையில் இருப்பவர், எண்ணுவதற்கு வசதியாக அடுத்த ரோலிலிருந்து மூன்று அடுக்கை எடுத்துச் சேர்த்து இருபதாக்கிவிடுவார். ஷேடு கலப்பு பெரும்பாலும் இந்த மூன்று அடுக்கில்தான் தொடங்குகிறது. பண்டல் 17 பீஸோடு இருக்கட்டும். அந்த எண்ணிக்கையை ஸ்டிக்கரிலும் கணினியிலும் அப்படியே பதியுங்கள். எல்லாப் பண்டலும் 20 என்று முன்கூட்டியே நிரப்பி வைத்திருக்கும் மென்பொருளை வாங்காதீர்கள்.

ஒரு பண்டலுக்குள்ளும் முன்பகுதி, பின்பகுதி, இரண்டு கைகள், கழுத்து ரிப் (கழுத்தில் வைத்துத் தைக்கும் பட்டை) என்று பாகங்கள் உண்டு. முன்பகுதி மட்டும் பிரிண்டிங்குக்குப் போய் மூன்று நாள் கழித்துத் திரும்பும். ஆகவே ஒரே பண்டல் எண்ணின் கடைசியில் பாகத்தைக் குறிக்கும் ஓர் எழுத்தைச் சேர்த்துத் தனித்தனி டிக்கெட் அச்சிட வேண்டும். தையல் லைன் வாசலில் எல்லாப் பாகங்களையும் ஸ்கேன் செய்து, எண்கள் ஒத்துப்போனால் மட்டுமே உள்ளே விட வேண்டும். ரிப் வேறு ரோலிலிருந்து வருவதால், உடல் துணியுடன் ஒன்றாகச் சாயம் போட்ட ரிப்தானா என்பதையும் கணினி இதே இடத்தில் சரிபார்க்கலாம்.

தனிப் பீஸுக்கு எண் வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. தொழிற்சாலைக்குள் அது தேவையில்லை. கடையில் விற்பதற்கான பார்கோடு பீஸில் ஒட்டப்படுவது பேக்கிங்கில்தான். ஒரே ஸ்டைல், நிறம், அளவு கொண்ட எல்லாப் பீஸ்களுக்கும் அங்கே ஒரே எண் என்பதால் அது கண்காணிப்புக்கு உதவாது.

எண்ணுக்குள் விவரத்தைத் திணிக்காதீர்கள்

ஸ்டைல், நிறம், அளவு, தேதி, லைன் என எல்லாவற்றையும் பார்கோடு எண்ணுக்குள்ளேயே எழுதிவிட்டால் பார்த்த மாத்திரத்தில் புரியும் என்று தோன்றும். நிறத்தின் பெயர் பாதியில் மாறும்போதும், ஸ்டைல் எண்ணில் வாங்குபவர் ஓர் எழுத்தைக் கூட்டும்போதும் அச்சிட்ட டிக்கெட் முழுவதும் பொய்யாகிவிடும். எண் என்பது வெறும் பெயராகவே இருக்கட்டும்; விவரங்கள் தரவுத்தளத்தில் இருக்கட்டும். ரோலுக்கு ஆர், பண்டலுக்கு பி, பெட்டிக்கு சி என்று ஆங்கில எழுத்து ஒன்றும், அதன்பின் எட்டு இலக்கங்களும் போதுமானவை. முன்னெழுத்து இருந்தால், பண்டலை ஸ்கேன் செய்ய வேண்டிய திரையில் ரோலை ஸ்கேன் செய்தவரைக் கணினி உடனே தடுக்க முடியும். ஒருமுறை பயன்படுத்திய எண்ணை மறுபடி எந்தக் காரணத்துக்காகவும் பயன்படுத்தக் கூடாது.

இதில் அச்சுக் கணக்கும் இருக்கிறது. பார்கோடு வகைகளில் ஒன்றான கோட் 128இல் ஒவ்வொரு குறியீடும் 11 அலகு அகலம் கொண்டது; இங்கே அலகு என்பது மிக மெல்லிய கோட்டின் அகலம். முடிவுக் குறி மட்டும் 13. இலக்கங்களை இரண்டிரண்டாகச் சேர்த்து ஒரே குறியீட்டில் அடக்கும் வசதியும் அந்த வகையில் உண்டு. ஓர் எழுத்தும் எட்டு இலக்கங்களும் கொண்ட எண்ணுக்குத் தொடக்கக் குறி, எழுத்து, இலக்க முறைக்கு மாறும் குறி, நான்கு இரட்டைகள், சரிபார்ப்புக் குறி, முடிவுக் குறி ஆகியவற்றைக் கூட்டினால் 101 அலகு வரும். 203 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 203 புள்ளிகள்) பிரிண்டரில் ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளிகள். மெல்லிய கோட்டுக்கு இரண்டு புள்ளி, அதாவது 0.25 மி.மீ. வைத்தால் பார்கோடு 25.25 மி.மீ. ஆகிறது, இரண்டு பக்கமும் மெல்லிய கோட்டைப் போலப் பத்து மடங்கு வெற்றிடம் விட வேண்டும் என்பதால் மொத்தம் 30.25 மி.மீ. இது 38 மி.மீ. ஸ்டிக்கரில் தாராளமாக அடங்கும். விவரங்களை எல்லாம் திணித்து, எழுத்தும் எண்ணும் கலந்த 20 எழுத்துகளாக்கினால் வெற்றிடத்தையும் சேர்த்து 68.75 மி.மீ. தேவைப்படும். பண்டல் டிக்கெட்டில் அதற்கு இடம் இருக்காது. சுருக்கி அச்சிட்டால் ஸ்கேனர் படிக்காது.

உள்ளே ஒரு வகை, வெளியே ஒரு வகை

நார்மன் ஜோசப் வுட்லேண்டும் பெர்னார்ட் சில்வரும் 1952இல் காப்புரிமை பெற்ற பார்கோடு, 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சூயிங்கம் பாக்கெட் ஒன்றின் மீது ஸ்கேன் ஆனபோதுதான் கடை வணிகத்துக்குள் வந்தது. ஆனால் தொழிற்சாலையின் தேவை கடையின் தேவை அல்ல. ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் 1994இல் கியூஆர் குறியீட்டை உருவாக்கியதே வாகன உதிரிபாகங்களைப் பின்தொடர்வதற்காகத்தான். பணம் அனுப்பும் வேலை அதற்குப் பின்னால்தான் வந்து சேர்ந்தது.

உங்கள் வளாகத்துக்குள் ரோலுக்கும் ரேக்குக்கும் கோட் 128 நல்லது. பண்டல் டிக்கெட் சிறியது, கசங்குவது, வியர்வை படுவது என்பதால் அதற்கு கியூஆரையே நான் பரிந்துரைப்பேன். நம்முடைய ஒன்பது எழுத்து எண், கடைசியில் வரும் பாக எழுத்தையும் சேர்த்துப் பத்தானாலும், 21க்கு 21 கட்டங்கள் கொண்ட மிகச் சிறிய கியூஆரிலேயே மிக உயர்ந்த பிழைதிருத்த நிலையுடன் அடங்கிவிடும். கட்டத்துக்கு அரை மில்லிமீட்டர் வைத்தால், சுற்றிலும் விடும் வெற்றிடத்தையும் சேர்த்து 15 மி.மீ. சதுரம் போதும், குறியீட்டில் சுமார் 30 சதவீதம் வரை சிதைந்தாலும் படிக்க முடியும்.

வெளியே போகும் பொருளில் உங்கள் விருப்பத்துக்கு இடமில்லை. விற்பனைப் பீஸில் வாங்குபவர் கொடுக்கும் எண்ணைத்தான் ஒட்ட வேண்டும்; அது பெரும்பாலும் 13 இலக்கம். சொந்த பிராண்டு வைத்திருப்பவர்கள், பார்கோடு எண்களை ஒதுக்கும் ஜிஎஸ்1 இந்தியா அமைப்பில் பதிவு செய்து 890 என்று தொடங்கும் எண் வரிசையைப் பெறலாம். 890 இருந்தால் இந்தியாவில் செய்தது என்று வாட்ஸப்பில் சுற்றும் செய்தி தவறானது. எண் எந்த நாட்டின் ஜிஎஸ்1 அமைப்பில் பெறப்பட்டது என்பதைத்தான் அது சொல்கிறது. கடைசி இலக்கம் சரிபார்ப்பு எண். உதாரணமாக 890123456701 என்ற பன்னிரண்டு இலக்கங்களை வலதுகோடியிலிருந்து 3, 1, 3, 1 என்று மாறி மாறிப் பெருக்கிக் கூட்டினால் 98 வருகிறது; அடுத்த பத்தின் மடங்கான 100க்கு 2 குறைவதால் பதின்மூன்றாவது இலக்கம் 2. வாங்குபவர் எக்செல் கோப்பில் அனுப்பும் எண்களை அச்சிடுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டால், ஒரு தட்டச்சுப் பிழைக்காகப் பல ஆயிரம் ஸ்டிக்கர்களை உரிக்க வேண்டியிருக்காது.

ஏற்றுமதிப் பெட்டிக்கு, பெட்டியை அடையாளம் காட்டும் 18 இலக்க எஸ்எஸ்சிசி எண்ணைக் கேட்பார்கள். கோட் 128இன் ஜிஎஸ்1 வகையான ஜிஎஸ்1-128 வடிவில், 00 என்ற முன்குறியுடன் அது அச்சாகும். ஒவ்வொரு பெட்டிக்கும் இது தனித்தன்மையானது; உங்கள் சி எண்ணோடு கணினியில் இணைத்து வைத்தால் போதும்.

ஸ்டிக்கரும் பிரிண்டரும்

வெப்பத் தாளில் நேரடியாக அச்சிடும் முறைக்கு ரிப்பன் செலவு இல்லை. ஆனால் அயர்னிங் மேஜைக்குப் பக்கத்தில் அந்தத் தாள் கறுத்துப்போகும். ரிப்பன் வைத்து அச்சிடும் தெர்மல் டிரான்ஸ்ஃபர் பிரிண்டரை வாங்குங்கள். காகித ஸ்டிக்கருக்கு மெழுகு ரிப்பன் போதும். பசையுள்ள ஸ்டிக்கரைத் துணியின் மேல் நேரடியாக ஒட்டக் கூடாது, கறை பிடிக்கும். பண்டலில் கட்டும் அட்டையில் ஒட்டுங்கள். ரோலின் பாலிதீன் உறை மேல் ஒட்டிய ஸ்டிக்கர், உறையைக் கிழித்த அன்றே குப்பைக்குப் போய்விடும். அதனால் இரண்டு அச்சிட்டு, ஒன்றை உள்ளிருக்கும் காகிதக் குழாயின் உட்புறத்தில் ஒட்டுவது நல்ல பழக்கம்.

அச்சுத்தலையில் ஒரு புள்ளி எரிந்துபோனால், தாள் ஓடும் திசையில் மெல்லிய வெள்ளைக் கோடு விழும். பார்கோட்டின் கோடுகளும் அதே திசையில் இருந்தால் ஒரு கோடே மெலிந்தோ மறைந்தோ போகும். பார்கோட்டைத் திருப்பி, ஏணிப் படிகள் போலக் குறுக்காக அச்சிட்டால் அந்த வெள்ளைக் கோடு எல்லாக் கோடுகளையும் வெட்டிச் செல்லுமே தவிர எதையும் அழிக்காது. ரிப்பன் மாற்றும் ஒவ்வொரு முறையும் அச்சுத்தலையை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைப்பதையும் ஒருவர் பொறுப்பில் விடுங்கள். சிவப்பு மையில் கோடுகளை அச்சிடவே கூடாது. சிவப்பு ஒளி பாய்ச்சும் ஸ்கேனருக்கு அவை வெள்ளையாகவே தெரியும். பார்கோட்டின் கீழே அதே எண் கண்ணால் படிக்கும்படியும் இருக்க வேண்டும்.

ஸ்கேனர்

மேஜையில் நிற்கும் வேலைக்கு யுஎஸ்பி ஸ்கேனர் போதும். கியூஆரையும் படிக்க வேண்டும் என்பதால், லேசர் வகையை விட்டுப் படமெடுத்துப் படிக்கும் இமேஜர் வகையை வாங்குங்கள். இது கணினிக்கு ஒரு கீபோர்டு போலவே தெரியும். எண்ணைத் தட்டி, கடைசியில் என்டர் அழுத்தும். கர்சர் எங்கே நிற்கிறதோ அங்கேதான் எண் போய் விழும் என்பதை மறக்கக் கூடாது. திறந்து கிடந்த வேறொரு கோப்பில் ஒரு மணி நேர ஸ்கேன் போய்ச் சேர்ந்த கதை அபூர்வமானது அல்ல. குடோனுக்குள் நடமாடுபவருக்கு ஆண்ட்ராய்டு கையடக்கக் கருவி வேண்டும். ரேக்குகளுக்கு நடுவில் வைஃபை அறுந்தால், ஸ்கேன் நேரத்தோடு கருவியிலேயே சேமித்து வைத்துப் பிறகு அனுப்பும் வசதி அதில் இருக்க வேண்டும். தையல் மிஷின் சத்தத்தில் பீப் ஒலி கேட்காது. பச்சை விளக்கோ அதிர்வோ இருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

கணினியில் என்ன பதிய வேண்டும்?

ஒவ்வொரு ஸ்கேனும் ஒரு நிகழ்வு: எந்த எண், எந்த இடம், யார், எப்போது, என்ன வேலை. பண்டல் இப்போது எங்கே இருக்கிறது என்ற ஒரே கட்டத்தை அழித்து அழித்து எழுதும் மென்பொருளால், அது அங்கே எப்படி வந்தது என்பதைச் சொல்ல முடியாது. பழைய நிகழ்வை அழிக்காமல் புதியதைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். தவறையும் இன்னொரு நிகழ்வாகத்தான் திருத்த வேண்டும். ஒரே குடோனில் ஒருவர் மட்டும் ஸ்கேன் செய்யும் வரை எக்செல் தாங்கும். இரண்டாவது ஆள் வந்த நாளில் அதை விட்டுவிடுங்கள்.

அடுத்தது உறவுகள். எந்த ரோலிலிருந்து எந்தப் பண்டல், எந்தப் பண்டல்களிலிருந்து எந்தப் பெட்டி என்பதைப் பதிய வேண்டும். பேக்கிங் மேஜையில் பீஸ்கள் கலந்துவிடுவதால், ஒரு பெட்டியிலிருந்து பின்னோக்கிப் போனால் குறிப்பிட்ட ஆறு பண்டல்கள் என்ற அளவில்தான் பதில் கிடைக்கும். ஒரு தனிப் பீஸின் பண்டல் எது என்று சொல்ல முடியாது. பத்தாயிரம் பீஸுக்குப் பதிலாக 120 பீஸை மட்டும் சோதித்தால் போதும் என்ற நிலைக்கு வருவதே பெரிய லாபம்.

பிரிண்டிங்குக்கு அனுப்பும்போது டிசியில் வெறும் பீஸ் எண்ணிக்கை எழுதுவதோடு நிற்காமல், ஸ்கேன் செய்த பண்டல் எண்களின் பட்டியலையும் இணையுங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி ஜாப் ஒர்க்குக்கு (வெளியே கொடுத்துச் செய்யும் கூலி வேலைக்கு) போன உள்ளீட்டுப் பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும் என்பதால், எந்தப் பண்டல் இன்னும் வெளியே நிற்கிறது என்ற பட்டியல் கணக்காளருக்கும் உதவும்.

குடோன் ரேக்குகள்

ஒவ்வொரு ரேக் இடத்துக்கும் வரிசை, தூண், தட்டு என்ற முறையில் 03-12-பி போல ஓர் எண் கொடுத்து ஒட்டுங்கள். ரோலை வைக்கும்போது முதலில் ரோல், பிறகு ரேக் என இரண்டு ஸ்கேன். எடுக்கும்போதும் அதே இரண்டு. மேல் தட்டுகளின் எண்களை உயரத்தில் ஒட்டினால் யாரும் எட்டி ஸ்கேன் செய்யப் போவதில்லை. கண் மட்டத்தில் ஒரு பலகையில் தட்டு வாரியாக நிறம் மாற்றி ஒட்டிவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இருப்பு எடுப்பதற்குப் பதிலாக, தினமும் நான்கைந்து ரேக் இடங்களை மட்டும் எண்ணிச் சரிபார்க்கலாம்.

ஓட்டத்துக்குக் கொண்டுவருதல்

துணி குடோனில் தொடங்குங்கள். அங்கே ஆட்கள் குறைவு, பொருளின் மதிப்பு அதிகம். இரண்டு வாரம் நோட்டும் ஸ்கேனும் இணையாக ஓடட்டும். அதன்பின் ஒரு தேதியை அறிவித்து நோட்டை எடுத்துவிடுங்கள்; நோட்டு மேஜையில் இருக்கும்வரை ஸ்கேன் இரண்டாம் வேலையாகத்தான் இருக்கும். அடுத்து கட்டிங், பிறகு ஒரே ஒரு தையல் லைன்.

திருப்பூரில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்து வேலை செய்பவர்கள் ஏராளம். திரையில் நீளமான தமிழ் வாக்கியமோ ஆங்கில வாக்கியமோ இருந்தால் பயனில்லை. பச்சை, சிவப்பு, பெரிய எண், ஒரு படம் ஆகியவை போதும். ஸ்கேன் என்றாலே தங்கள் வேகத்தை வேவு பார்ப்பதற்குத்தான் என்ற சந்தேகம் தையல்காரர்களுக்கு வருவது இயல்பு. வாரக் கூலிக் கணக்கை அதே ஸ்கேன் பதிவிலிருந்து எடுத்து அவர்களிடமே காட்டினால், எண்ணிக்கை விட்டுப்போவதைப் பற்றிய சண்டை குறையும். பிறகு அவர்களே ஸ்கேன் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வார்கள்.

நான் போய்ப் பார்த்த ஓர் ஆலையில் எல்லாம் ஒழுங்காக நடப்பதாகத்தான் அறிக்கை சொன்னது. நேரத்தைப் பார்த்தபோதுதான், நாள் முழுக்கச் செக்கிங்கிலிருந்து வெளியேறிய பண்டல்கள் அத்தனையும் மாலை ஆறு மணிக்கு ஒன்பது நிமிடத்தில் ஸ்கேன் ஆகியிருந்தது தெரிந்தது. டிக்கெட்டுகளைக் கிழித்து ஒரு டப்பாவில் போட்டுவைத்து, வீட்டுக்குப் போகும் முன் ஒரேயடியாக ஸ்கேன் செய்திருக்கிறார்கள். காரணம் சோம்பல் இல்லை. ஸ்கேனரின் கேபிள் செக்கிங் மேஜை வரை எட்டவில்லை. ஆகவே தொடங்கிய முதல் மாதத்தில் எண்ணிக்கையைவிட நேர இடைவெளிகளை உற்றுப் பாருங்கள்.

டிக்கெட் தொலையும், கிழியும், பண்டல் பாதியாகப் பிரியும், சில பீஸ்கள் ஆல்டரேஷனுக்குத் திரும்பும். இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு திரை முன்கூட்டியே இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆட்கள் பக்கத்துப் பண்டலின் டிக்கெட்டை இரண்டு முறை ஸ்கேன் செய்து கணக்கை நேராக்கிவிடுவார்கள். மறு அச்சு சூப்பர்வைசர் அனுமதியுடன் மட்டும், அதே எண்ணில், எத்தனையாவது பிரதி என்ற குறியுடன் வர வேண்டும். பிரிந்த பண்டலுக்குப் புதிய எண் கொடுத்து, பழைய எண்ணைத் தாய் எண்ணாகப் பதியுங்கள்.

ஒத்திகை

மூன்று மாதம் ஓடியபின், அனுப்பத் தயாராக இருக்கும் பெட்டிகளில் ஏதாவது ஒன்றை எடுத்து, அதன் எண்ணை வைத்து டையிங் லாட் வரை பின்னோக்கிப் போங்கள். பிறகு அந்த லாட்டிலிருந்து முன்னோக்கி வந்து, அதே துணி போயிருக்கும் மற்றப் பெட்டிகளின் பட்டியலை எடுங்கள். கடிகாரம் வைத்துச் செய்யுங்கள்; பத்து நிமிடத்துக்கு மேல் ஆனாலோ, நடுவில் யாரையாவது கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருந்தாலோ, அந்த இடத்தில் ஒரு ஸ்கேன் குறைகிறது அல்லது நடக்கவில்லை. பெட்டியைத் தேர்ந்தெடுப்பவர் மென்பொருள் செய்தவராகவோ பேக்கிங் சூப்பர்வைசராகவோ இருக்கக் கூடாது. வாசலில் இருக்கும் செக்யூரிட்டியைக் கூப்பிட்டு ஒரு பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள்.